பச்சை விளக்குப் பெட்டியும் நான் படித்த மீட்டர்களும்

மீட்டர் ரீடிங் எடுக்க வருகிற ஆளை ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லும் வீடு அபூர்வம். அந்த ஆள் கொண்டுவருவது பில் என்பதால் அதைக் குற்றமாகவும் சொல்ல முடியாது.

கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர்கள், கூரியர் கொடுக்கிறவர்கள், ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்கப் போகும் டீச்சர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் என்று வீடு வீடாய் ஏறி இறங்குகிற எல்லாருக்கும் நான் சொல்வது புரியும். பகல் முழுக்க கேட்டைத் திறக்கிறோம், மூடுகிறோம். எத்தனையோ முகங்களைப் பார்க்கிறோம். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது யோசித்தால், யாரோடும் பேசின மாதிரியே இருக்காது.

எனக்கு இந்த வேலை கிடைத்ததே என் வீட்டுக்காரர் இறந்ததால்தான். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. குழந்தைகள் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாரிசு வேலை என்று என்னை மீட்டர் கணக்கெடுக்கப் போட்டார்கள். செங்கல்பட்டில் ஆரம்பித்து, திருக்கழுக்குன்றம், புதுப்பட்டினம், கடப்பாக்கம் என்று என் சர்வீஸ் முழுக்க அந்தப் பக்கத்திலேயே போயிற்று. அத்தனை வருஷத்தில் ஜனங்கள் என்னிடம் அதிகம் கேட்டது ஒரே கேள்விதான்: “கரண்ட்டை மிச்சம் பண்ணுதுன்னு ஒண்ணு விக்கறாங்களே, அது நெஜமா?” அந்தக் கேள்வியால் என்னிடம் நின்று பேசிய சிலரைப் பற்றித்தான் இது.

ஜீரோ வாட்ஸ்

செங்கல்பட்டில் ஏகாம்பரம் என்று ஒருவர். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று புகார் எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி, மகளுக்குத் துணையாக பம்பாய்க்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டில் அவர் மட்டும்தான். ஃபிரிட்ஜ் கிடையாது. ஃபேன் ஒன்று. “எல்லா ரூம்லயும் ஜீரோ வாட்ஸ் பல்புதாம்மா போட்டுக்கீறேன். ஜீரோன்னா கரண்ட்டே இழுக்காதில்ல? அப்புறம் எப்படிம்மா பில்லு ஏறும்?” என்று கேட்டார்.

அந்த நாளில் பாதி ஊர் நம்பிக்கொண்டிருந்த விஷயம் இது. ஜீரோ என்பது பல்புக்கு வைத்த பெயர்தான், அதுவும் பத்துப் பதினைந்து வாட் இழுக்கும் என்று சொன்னேன். நம்பவில்லை. மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு அந்தக் குட்டி பல்புகளை மட்டும் போடச் சொல்லி, மீட்டர் முன்னால் அவரை நிறுத்தினேன். கண்ணாடிக்குள் சக்கரம் மெதுவாக, ஆனால் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“படுக்கிற ரூம்ல ஒண்ணு இருந்தா போதும் சார், மிச்சத்தை அணைச்சிடுங்க, பில் தானா இறங்கிடும்” என்றேன். அவர் ஒவ்வொரு அறையாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்விட்சையும் தொடாமல் வாசலுக்கு வந்து நின்றார். “எரியட்டும்மா. தெருவுலேர்ந்து பாக்கறவனுக்கு, உள்ள ஆளுங்க கீறாங்கன்னு தெரியுதில்ல.”

தெருவில் ஒரு டெமோ

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. கொசுவுக்குச் சொருகுவோமே, அந்த மெஷினைவிடக் கொஞ்சம் பெரிசு. ப்ளக்கில் மாட்டினால் பச்சை விளக்கு எரியும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், பில் பாதியாகிவிடும் என்று சொல்லி விற்றார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு தெருவில், டை கட்டின இளைஞர் ஒருவர் ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டு, பக்கத்தில் முள் வைத்த மீட்டர் ஒன்றை வைத்திருந்தார். பெட்டியைச் சொருகியதும் முள் சரசரவென்று இறங்கியது. சுற்றி நின்ற பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். அந்த நேரம் பார்த்து நான் தெருமுனையில் திரும்ப, “இதோ கரண்ட் ஆபீஸ் மேடமே வர்றாங்க, அவங்களையே கேளுங்க” என்றார்.

கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முள் இறங்குவது நிஜம். ஆனால் அது காட்டுவது கம்பியில் ஓடுகிற ஆம்பியரை, வீட்டு மீட்டர் எண்ணுவது வேறு. வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டும்தான் எண்ணும். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபேன் அதே யூனிட்டைத்தான் சாப்பிடும். ஃபேக்டரிக்காரர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. அவர்களுக்கு இதே சாமான் பெரிய அளவில் பிரயோஜனப்படும், நமக்கு இல்லை. கூட்டம் கலைந்துவிட்டது. அவர் முகம் விழுந்ததைப் பார்க்காத மாதிரி நான் அடுத்த வீட்டு கேட்டைத் திறந்தேன்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது அதே பெஞ்சில் அவரும் வந்து உட்கார்ந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். பையிலிருந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, “சாப்பிட்டீங்களா மேடம்?” என்று கேட்டார். எனக்கும் டிபன் பாக்ஸ் இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். தர்மபுரி பக்கமாம். கம்பெனி அவருக்குக் கொடுத்த ரூமில் எட்டுப் பேர் இருந்தார்களாம். ஒவ்வொருவராகப் போய், இப்போது இவர் மட்டும்தானாம். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: “உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அதே வீட்டுக்குப் போற வேலை மேடம். நான் ஒரு தெருவுல ஒருவாட்டி வித்துட்டா, மறுபடி அந்தத் தெருவுல தலை காட்ட முடியாது.”

உடைத்துப் பார்த்தது

எங்கள் ஆபீஸில் நான் உள்ளே நுழைந்தால் சிரிப்புச் சத்தம் நின்றுவிடும். வயர்மேன்கள், லைன்மேன்கள் எல்லாரும் என் வீட்டுக்காரரோடு கம்பம் ஏறினவர்கள். என்னைப் பார்த்ததும் அவர் நினைவு வந்துவிடும் போலிருக்கிறது. அரட்டையை விட்டுவிட்டு எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். மரியாதைதான். ஆனால் மரியாதையோடு உட்கார்ந்து டீ குடிப்பது கஷ்டம்.

ஒரு நாள் நான் போனபோது மட்டும் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. வயர்மேன் தேவராஜ் யாரோ தூக்கிப்போட்ட ஒரு பெட்டியை மேஜை மேல் வைத்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார். எல்லாத் தலைகளும் அதற்குள் குனிந்திருந்தன. என் தலையையும் நுழைத்துக்கொண்டேன். உள்ளே ஃபேனில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கெபாசிட்டர். ஒரு பச்சை பல்பு. கையில் கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக அடியில் சிமெண்ட் மாதிரி ஒன்றைக் கொட்டி இறுக விட்டிருந்தார்கள். தேவராஜ் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இதுல நெஜமா வேலை செய்யறது அந்தப் பச்சை லைட்டு ஒண்ணுதான் மேடம். அதுவும் நம்ம கரண்ட்டைக் குடிச்சுகினு கீது.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சத்தத்தில் என் குரலையும் கேட்டுவிட்டு, ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனார்கள்.

கோயமுத்தூர்ப் பேச்சு

புதுப்பட்டினத்தில் அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் வாடகைக்கு இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு ஜில்லாத் தமிழ். அதில் ஒரு மாடி வீட்டில் அந்தப் பெட்டி மாட்டியிருந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அங்கே குடியிருந்தவர் மின்சாரப் பிரிவில் இன்ஜினியர். அன்றைக்கு லீவில் இருந்தார். நான் பெட்டியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, நான் கேட்காமலே, அது ஏன் வேலை செய்யாது என்று படம் போடாத குறையாக விளக்கினார். நான் தெருவில் பத்து நிமிஷம் திணறிச் சொன்னதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். “அப்புறம் ஏன் சார் மாட்டி வெச்சிருக்கீங்க?” என்றேன். அவர் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். கல்யாணமாகிக் கோயமுத்தூரிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் வேகமாகப் பேசுவது பாதி புரியவில்லையாம். ‘இன்னா’ என்று யாராவது கேட்டால் தன்னைத் திட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். நான் பெட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “தெரியுமுங்க. வாங்குன அன்னிக்கே அவரு சொல்லிப்போட்டாரு. அதை விக்க வந்த புள்ளை பொள்ளாச்சிங்க. உக்காந்து ஒரு மத்தியானம் பூரா எங்கூருப் பேச்சு பேசுச்சு. பில்லு கொறையோணும்னு நான் வாங்குலீங்க.”

கிரைண்டர்

கடப்பாக்கத்தில் போட் இன்ஜின் மெக்கானிக் ஒருவர். பெயர் குமார். கோபக்காரர் என்று தெருவே சொல்லும். இரண்டு பில்லாக யூனிட் கூடி, ரேட் கூடுகிற அடுத்த ஸ்லாபுக்குப் போய்விட்டது. பெட்டி வாங்கி மாட்டினார். அதற்கு அடுத்த பில் இன்னும் கூடியது. நான் போன அன்று வேலைக்குப் போகாமல் எனக்காகவே வாசலில் நின்றிருந்தார். “இன்னா மேடம், பொட்டி மாட்டியும் ஏறிகினு போவுது. பொட்டி ரிப்பேரா, இல்ல வூட்ல யாராச்சும் கரண்ட்டை வாரி வுடறாங்களா? நீயே சொல்லு.” ‘யாராச்சும்’ என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே அவர் மனைவி வசந்தி சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

மீட்டர் உள்ளே இருந்தது. அதைப் படிக்கப் போனபோது எல்லாம் தெரிந்தது. மூலையில் ஈரம் காயாத கிரைண்டர். அதன் பக்கத்தில் மாவு ஒட்டிய தூக்குகளும் குண்டான்களும். ஒரு வீட்டுப் பாத்திரம் ஒரு மாதிரி இருக்கும். இவை நாலைந்து வீட்டுப் பாத்திரங்கள். வசந்தி என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள்.  நான் ரீடிங்கை அட்டையில் எழுதிக்கொண்டேன். வெளியே வந்து, “பொட்டி ரிப்பேர் இல்லைங்க. அந்தப் பொட்டியே அப்படித்தான். அதனால யாருக்கும் பில் குறைஞ்சு நான் பார்த்ததில்லை” என்றேன். அது பொய்யில்லை. அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு, விற்றவனைத் திட்டியபடியே சைக்கிளில் ஏறிப் போனார்.

அடுத்த முறை போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பூ கட்டிக்கொண்டிருந்தாள், ஒருத்தி குழந்தைக்குத் தலை வாரினாள். வசந்தி எனக்கும் ஒரு பலகையைத் தள்ளிப் போட்டாள். அரக்கோணத்திலிருந்து வந்த பெண். கடப்பாக்கத்தில் அவளுக்கு யாரையும் தெரியாது. ஊரில் மற்றவர்கள் ஆட்டுக்கல்லில் ஆட்டுகிறார்கள் என்று பார்த்து, ‘என் வூட்ல வந்து ஆட்டிக்குங்க’ என்று கூப்பிட்டிருக்கிறாள். சும்மாதான், கூலி வாங்குவதில்லை. எத்தனை யூனிட்டுக்குள் இருந்தால் ஸ்லாப் மாறாது என்று நான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லி, “கொஞ்சம் குறைச்சு ஓட்டும்மா” என்றேன். அவள் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “கொறைக்கச் சொல்லாதக்கா. கிரைண்டர் ஓடற வரிக்கும்தான் இந்த வூட்ல ஆளு.”

உண்மையிலேயே குறைந்த வீடு

எதுவுமே குறைக்காது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். திருப்போரூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு, குண்டு பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு சி.எஃப்.எல். போட்டார். சூடேறுகிற பழைய ஃபேன் ரெகுலேட்டர்களை மாற்றி எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்தார். அடுத்த பில் நன்றாகவே குறைந்தது. தெருவெல்லாம் என் பெயரைச் சொன்னார். அதற்கு அடுத்த பில் இரண்டு மடங்குக்கு மேலே போக, என்னை நடுத்தெருவில் நிறுத்தி மீட்டரில் கோளாறு என்றார். மாடியில் ஏதோ உறுமுகிற சத்தம் கேட்டது. அது என்ன என்று கேட்டேன். “மிச்சம் ஆவுதேன்னு ஒரு ஏசி போட்டோம் மேடம். சின்னதுதான்.”

எஸ்தர் வீட்டுப் பெட்டி

மாமல்லபுரம் போகிற ரோட்டோரம் ஒரு காலனி. அங்கே எஸ்தர் வீட்டில் அந்தப் பெட்டி அற்புதமாக வேலை செய்கிறது என்று பேச்சு. பில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று அவளே எல்லாரிடமும் சொல்ல, அந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டில் வாங்கி மாட்டிவிட்டார்கள். அவர்கள் யாருக்கும் குறையவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவங்க வீட்டுக்கு மட்டும் எப்படிக் குறையும், நீங்க வந்து பாருங்க என்றார்கள்.

எஸ்தரின் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எஸ்தர் ஒரு ஸ்கூலில் ஆயா. கணவன் வாட்ச்மேன், ராத்திரி டூட்டி. இரண்டு பையன்களையும் டிப்ளமோ படிக்க வைத்திருந்தாள். நான் அந்த வீட்டு மீட்டரைப் பல வருஷமாகப் படித்தவள். பையன்கள் இருந்தபோது வாசல் வரைக்கும் பாட்டுச் சத்தம் கேட்கும், ஒருவன் எந்நேரமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான், இரண்டு ரூமிலும் ஃபேன் சுற்றும். அன்று போனபோது ஒரு சத்தமும் இல்லை. இஸ்திரிப் பெட்டி அலமாரி மேல் ஏறியிருந்தது. பெரியவன் துபாய்க்கும் சின்னவன் ஓசூருக்கும் போய்விட்டார்கள் என்று சுவரில் இருந்த போட்டோக்களைக் காட்டிச் சொன்னாள். பெட்டியின் பச்சை விளக்கு அவற்றுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது.

ஏன் குறைந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.  ரீடிங்கை மட்டும் அட்டையில் எழுதிவிட்டு எழுந்தேன். எஸ்தர் கேட் வரைக்கும் கூடவே வந்தாள். தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாம இல்லக்கா. பொட்டியால கொறைஞ்சுதுன்னு சொன்னா ‘அப்படியா’ன்னு கேட்டுகினு பூடுவாங்க. புள்ளைங்க போனதால கொறைஞ்சுதுன்னு சொன்னா, என் மூஞ்சையே பாத்துகினு நிப்பாங்க.” பக்கத்து வீடுகளில் கேட்டபோது, பெட்டியைக் கழற்றிவிடுங்கள், ஒரு வீட்டைப் பார்த்து இன்னொரு வீட்டுக்குச் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மீட்டர் டெஸ்ட்

கடைசியாக என் வீடு. திருக்கழுக்குன்றத்தில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். அந்தத் தெருவுக்குப் புதிதாக ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். வேறு செக்‌ஷன் ஆள், என்னைத் தெரியாது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து ரீடிங் எடுத்திருக்கிறாள். முந்தின ரீடிங்குக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி இருக்கவே, ‘மீட்டர் ஓடவில்லையோ என்று சந்தேகம்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஒரு லீவு நாள் காலையில் மீட்டர் டெஸ்டிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். கையோடு கொண்டுவந்த நூறு வாட் பல்பை மாட்டிவிட்டு, மீட்டரில் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னுவதை வாட்சைப் பார்த்து எண்ணினார். பிறகு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்றார், இல்லை என்றேன். டி.வி. இருக்கிறது, ரிப்பேராகிக் கிடக்கிறது என்றேன். இரண்டாவது ரூமில் ஃபேனின் இறக்கை மேல் தூசி படிந்திருந்ததை நிமிர்ந்து பார்த்தார். அந்த ரூமுக்குள் நான் எப்போது கடைசியாகப் போனேன் என்று எனக்கே ஞாபகம் வரவில்லை. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சரி என்றார். இரண்டாவது டம்ளரை எடுக்க அலமாரியின் உள்பக்கம் கைவிட்டுத் துழாவ வேண்டியிருந்தது. அவர் ஆற அமரக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மீட்டர் மூடியைத் திரும்பப் போட்டு ஸ்க்ரூவை முறுக்கினார். “மீட்டர் கரெக்டாத்தான் கீது மேடம். வூட்லதான் ஆளு கம்மி.”

ஆக, கரண்ட் பில்லைக் கட்டாயமாகக் குறைக்கிற வழி ஒன்றை இத்தனை வருஷ சர்வீஸில் நான் நன்றாகவே தெரிந்துகொண்டேன், ஆனால் அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.